ஒலிக்காத ராடு

பீல், மான் தீவு
1969 ஜூன் 3

அன்புள்ள ஓரி அண்ணா,

ராடைத் தட்டிவிட்டு அப்பா ராடைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். முதலில் நான் கவனித்தது அதைத்தான்.

நீ போனபிறகு நான் உனக்கு எழுதுவது இதுவே முதல் தடவை. கோபம் இருந்தால் இதை எரித்துவிடு, ஆனால் படித்துவிட்டு எரி. நான் பள்ளியை விட்டாயிற்று. காலையில் மீன் புகைபோடும் கொட்டகையில் வேலை. மத்தியானம் வந்து ஷெட்டில் அப்பாவுக்குக் கூடமாட இருக்கிறேன். என் தலைமுடியில் எப்போதும் புகை நாற்றம் அடிக்கிறதாம். அப்பா என்னை எங்கே இருந்தாலும் மோப்பம் பிடித்துவிடலாம் என்கிறார்.

அவருடைய பழைய பந்தய மோட்டார் சைக்கிளை ஏப்ரலில் வெளியே எடுத்தோம். எஞ்சினை மொத்தமாகப் பிரித்து, துண்டு துண்டாகக் கழுவி, பெஞ்சில் செய்தித்தாள் விரித்து அடுக்கியிருக்கிறோம். ஆகஸ்ட் கடைசி வாரம் பழைய வண்டிகளுக்கு மலைச் சாலையில் பந்தயம் வைக்கிறார்கள். அதில் அப்பா ஓட்டப் போகிறார். கிளப்பில் பெயர் கொடுத்துவிட்டார்.

நேற்று பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடை வலைநூலில் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டார். நீ இருந்த காலத்தில் செய்வாரே, அதே மாதிரி. நல்ல ராடு ஸ்பானரால் லேசாகத் தட்டினால் நீளமாக ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். அப்பா தட்டினார். விரிசல் விட்ட கோப்பையை மேசைமேல் வைத்தது போல ஒரு சத்தம், அவ்வளவுதான்.

உடனே அவர் என்னைப் பார்த்தார். யாராவது என்னை நேராகப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சந்தோஷத்தில் வருகிற சிரிப்பு இல்லை அது, உனக்குத் தெரியுமே. நான் சிரித்ததும் அவரும் சிரித்தார்.

"மணி மாதிரி இருக்கு, இல்ல புள்ள?" என்றார்.

அவர் ராடை அவிழ்த்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்துவிட்டார்.

அண்ணா, சாப்பாட்டு மேசையில் அன்றைக்கு நீ சொன்ன அந்த வார்த்தை உண்மைதான். படகின் எஞ்சின் அறையில் வேலை பார்த்த காலத்திலேயே போன காது அது. தடித்த சத்தங்கள் கேட்கின்றன. கெட்டில் விசில் அடித்துத் தண்ணீர் வற்றினாலும் எழுந்திருப்பதில்லை. நான் பேசும்போது என் உதட்டைப் பார்க்கிறார். ஆனால் இந்த வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை.

சத்தம் செத்திருந்தாலும் ராடு நல்லதாக இருக்க வழி உண்டா? அதை மட்டும் எழுது. வீட்டுக்கு வேண்டாம், கொட்டகை விலாசத்துக்கு எழுது.

ஆலிஷ்


கோவென்ட்ரி
1969 ஜூன் 11

ஆலி,

அப்பா சொல்லி எழுதினாயா? முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு பார்த்தால், அவர் சொல்லியிருந்தால் அதில் என்னைத் திட்டி ஒரு வரியாவது இருந்திருக்கும்.

இரண்டு வருஷம் ஒரு கடிதம் இல்லை, இப்போது ராடைப் பற்றி ஒரு கேள்வி. நம் குடும்பத்துக்கு ஏற்ற கடிதம்தான். சரி, ராடுக்குப் பதில் சொல்கிறேன்.

வழி உண்டு. எண்ணெய் ஒட்டியிருந்தாலோ, தொங்குகிறபோது எதிலாவது இடித்தாலோ நல்ல ராடும் மந்தமாகத்தான் பேசும். அதனால் இதைச் செய். ராடை மண்ணெண்ணெயில் ஒரு பொழுது ஊறப்போடு. எடுத்து, ஈரமே இல்லாமல் துடை. சாக்கட்டியைப் பொடித்து மேலே மெல்லிசாகத் தூவு. அப்புறம் தொடாமல் காத்திரு. விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடாக வெளியே வரும். ஒன்றும் வரவில்லையென்றால் போய் நிம்மதியாகத் தூங்கு.

கோடு வந்தால் அந்த ராடு எஞ்சினுக்குள் போகக் கூடாது. மலையிறக்கத்தில் முழு வேகத்தில் ராடு முறிந்தால் பின்சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவன் நிற்கமாட்டான். அவன் போய்க்கொண்டே இருப்பான்.

அன்றைக்கு நான் சொன்னதில் தப்பில்லை. அவருடைய சிநேகிதர் குவில்லியம் மாமா எதிரில் சொன்னதுதான் தப்பு. "செவிட்டுக் காதோட மலையேறாதீங்கப்பா"ன்னு சொன்னேன். "காலையில படகு இருக்கு, ஏறு"ன்னார். ஏறிவிட்டேன். வேறு எதுவும் நடக்கவில்லை, நீயும் அங்கேதானே உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டு நின்றாய்.

ஷெட்டில் எலி இன்னும் இருக்கிறதா? சாக்கட்டியைத் தின்றுவிடப் போகிறது, பத்திரம்.

ஓரி


பீல்
1969 ஜூன் 22

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தில் இரண்டு வார்த்தைகளை மையால் அடித்துவிட்டுத்தான் மறுபடி படித்தேன். ஒன்று அப்பாவைப் பற்றியது. மற்றது, சாக்கட்டியைத் தின்னும் என்றாயே, அந்த நீள்வாலின் பெயர். இங்கே வாயால் சொன்னாலே ஆகாது, நீ எழுதியே அனுப்பியிருக்கிறாய். அக்கரைக்குப் போனதும் அதுகூட மறந்துவிட்டதா? பந்தயம் வருகிற வருஷத்தில் இப்படிச் செய்யாதே.

கோடு வந்தது.

முந்தின ராத்திரியே ஊறப்போட்டுவிட்டு, அப்பா சாப்பலுக்குப் பிரார்த்தனைக்குப் போன நேரத்தில் மீதியைச் செய்தேன். தலைவலி என்று நான் போகவில்லை. தூவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன், அதில் கொஞ்சம் பொடி பறந்துவிட்டது. மறுபடி தூவக் குனிந்தபோது, கீழ் வளையத்துக்குச் சற்று மேலே, தண்டு அகலமாகிற இடத்தில், மயிரிழை மாதிரி ஒன்று. என் தலைமுடிதான் விழுந்திருக்கிறது என்று எடுக்கப் பார்த்தேன். விரலில் வரவில்லை.

அப்போது வாசலில் பேச்சுக் குரல். அப்பாவும் குவில்லியம் மாமாவும். நான் அவசரமாக ஏப்ரனால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன்.

"என்ன ஹாரி, உன் மக ஷெட்டுல பேக்கரி வச்சிருக்காளா? கையெல்லாம் மாவா இருக்கே" என்றார் மாமா.

"லாரியா? எந்த லாரி?" என்றார் அப்பா.

"பேக்கரிய்யா. ரொட்டி சுடுற கடை."

"அதுக்கு எதுக்கு லாரி?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல, ஹாரி. லாரிதான். போயிருச்சு" என்று சொல்லி விட்டுவிட்டார். அவருக்கும் தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எல்லோரும் இப்படித்தான் லாரியைப் போகவிடுகிறார்கள்.

சாப்பிடும்போது எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "அப்பா, அந்த ராடு" என்றேன். உடனே மாமா, "அட, ஆலி பேசிருச்சு. வாயைத் திறந்தா வரி போடுவாங்கன்னு இருந்த புள்ள" என்று கரண்டியைத் தட்டினார். எல்லாம் போய்விட்டது. தொண்டையில் ஹெர்ரிங் மீன் முள் என்று சொல்லி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

ராடு ஒலிக்கவில்லை என்று நான் சொன்னால், "அப்ப எனக்குக் கேக்கலைங்கிறியா?" என்று கேட்பார். அதற்கு நான் என்ன சொல்வேன்? என்னைப் படகேற்றி அனுப்பமாட்டார், தெரியும். தெரிந்தும் பயமாக இருக்கிறது. சாலையில் எந்த மோட்டார் சைக்கிள் போனாலும் அது எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஆலிஷ்


கோவென்ட்ரி
1969 ஜூன் 30

ஆலி,

நீ துடைத்தது பொடியை. கோடு அங்கேதான் இருக்கிறது.

உன்னைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். திட்டுகிறதற்கு நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியாக நான் அங்கே இருந்த வருஷம், மலைச் சாலையின் மேல் வளைவில் பந்தயத்துக்கு எச்சரிக்கைக் கொடி பிடிக்க நின்றேனே, அன்றைக்கு மூடுபனி. ஒரு வண்டி வருகிற சத்தம் மட்டும் கேட்டது. நல்ல சத்தம். வந்துகொண்டே இருந்தது, அப்புறம் இல்லை. மோதுகிற சத்தம்கூட இல்லை. ஆடுகள் மட்டும் கத்தின. நாங்கள் பனிக்குள் ஓடிப்போய்த் தேடினோம். அந்தப் பையன் பிழைத்துவிட்டான், காலோடு போயிற்று. ஆனால் அந்தச் சத்தம் நின்ற இடம் என் காதிலேயே இருக்கிறது. அதன் பிறகுதான் நான் அப்பாவிடம் பேசினேன். எஞ்சின் சரியில்லை என்று வண்டி முன்கூட்டியே சொல்லும், ஆலி. அதைக் கேட்க ஒரு காது வேண்டும்.

இரண்டு வேலை செய்யப் போகிறேன். ஒன்று, வேறு ராடு தேடுவது. எங்கள் பட்டறையில் ஒரு கிழட்டு ஃபோர்மன் இருக்கிறார், இந்த ஊரில் யார் வீட்டுக் கொட்டகையில் எந்த எஞ்சின் செத்துக் கிடக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. இரண்டு, கிளப் டாக்டருக்கு ஒரு கடிதம். ஹாரி கெர்மோடுக்குக் காதைச் சோதித்துப் பாருங்கள் என்று. ஒரு நிமிஷத்தில் அவர் பெயரை அடித்துவிடுவார்கள்.

நீ சொன்னால் இரண்டாவது தேவைப்படாது.

ஓரி


பீல்
1969 ஜூலை 19

அன்புள்ள அண்ணா,

டாக்டருக்கு எழுதாதே. கெஞ்சிக் கேட்கிறேன். அவர் பெயரை அடித்தால் அந்தக் காகிதத்தைக் கிளப் பலகையில் குத்தி வைப்பார்கள், காரணம் போட்டு. அப்புறம் அவர் துறைமுகத்துக்கே போகமாட்டார். உன்னிடம் பேசவேமாட்டார், நான் சொன்னேன் என்று தெரிந்தால் என்னிடமும்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். போன சனிக்கிழமை ராடை எஞ்சினுக்குள் சுற்றுகிற இரண்டு ஃப்ளைவீல் சக்கரங்களுக்கும் நடுவில் வைத்து இறுக்குவதாக இருந்தார். அது ஒருமுறை இறுகிவிட்டால் பிரஸ் மெஷின் இல்லாமல் பிரிக்க முடியாது. காலையில் வேலைக்குப் போகும்போது அந்தச் சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற கிராங்க் பின்னின் பெரிய நட்டை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு போனேன். துறைமுகச் சுவரில் நின்று அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு கடற்காகம் ரொட்டி என்று நினைத்துப் பக்கத்தில் வந்தது. நட்டைக் கடலில் போட்டுவிட்டேன். விழுந்த சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை.

அப்பா ஷெட்டைத் தலைகீழாகப் புரட்டினார். பெஞ்சுக்கு அடியில் படுத்துத் தேடினார். கடைசியில் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "நீள்வால் தூக்கிட்டுப் போயிருக்கு. அதுவும் ஒரு எஞ்சின் கட்டுது போல. பாவம், நட்டு இல்லாம எத்தனை நாள் தவிச்சுதோ" என்றார். நான் சிரிக்க வேண்டியதாயிற்று.

குவில்லியம் மாமா புதிதாக ஒன்று கடைந்து தருகிறார். எப்போது என்று கேட்டால், "நேரம் கிடக்குது, வேணுங்கிற மட்டும்" என்கிறார். நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான். முதல் தடவையாக அந்த வார்த்தை எனக்கு இனிக்கிறது. ஆனால் மாமா எவ்வளவு சோம்பினாலும் ஆகஸ்டுக்குள் ஒரு நட்டு செய்துவிடுவார்.

அப்பா மாலையில் பெட்டியில் இருந்து தோல் உடுப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தார். இடுப்பில் பிடிக்கிறது. "நீ சமைக்கிறதைக் குறைக்கணும், புள்ள" என்றார். முழங்காலில் பழைய தேய்ப்பு இருக்கிறதே, அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இவ்வளவு சந்தோஷமாக அவரை அம்மா இருந்தபோதுதான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இன்னும் பயம்.

ராடு கிடைத்ததா?

ஆலிஷ்


கோவென்ட்ரி
1969 ஆகஸ்ட் 4

ஆலி,

கிடைத்தது. இத்துடன் பார்சலில் வருகிறது. ஃபோர்மனின் மச்சான் வீட்டில், கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்த அதே ரக எஞ்சின். அதை ஓட்டினவர் கட்டிலில் படுத்தபடி வயதாகிச் செத்தாராம், அதனால் அந்த வகையிலும் குற்றம் சொல்ல முடியாது. சாக்கட்டி தூவிப் பார்த்தேன், சுத்தம். ஆணியில் தொங்கவிட்டுத் தட்டினேன். அது அடங்குவதற்குள் வீட்டுச் சொந்தக்காரி மேலே இருந்து கதவைத் திறந்து, யார் மணி அடிக்கிறது என்று கேட்டாள்.

யார் அனுப்பியது என்று நீ சொல்லத் தேவையில்லை. பார்சலில் என் கையெழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதை மறைக்கவும் எனக்கு இஷ்டமில்லை.

டாக்டருக்கான கடிதம் எழுதியாயிற்று. தபால்தலையும் ஒட்டியாயிற்று. என் கோட்டுப் பையில் இருக்கிறது. பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பேன். அதற்குள் உன்னிடம் இருந்து தகவல் இல்லையென்றால் வேலைக்குப் போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுவேன். அவர் என்னோடு பேசாமல் இருக்கட்டும். பேசாமல் இருக்க அவர் உயிரோடு இருக்க வேண்டும்.

உன்மேல் கோபம் இல்லை. பயம்தான். உனக்கு இருக்கிற அதே பயம்.

ஓரி


பீல்
1969 ஆகஸ்ட் 13

அன்புள்ள அண்ணா,

தந்தி வந்து சேர்ந்திருக்கும். தபால் நிலையத்தில் அந்த அம்மாள், "என்ன வார்த்தை போடணும்? சத்தமாச் சொல்லு, காதுல விழல" என்றாள். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். "கிழித்துவிடு" என்று சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிழித்துவிட்டாய் அல்லவா?

ஏன் என்று எழுதுகிறேன்.

பார்சல் வந்த அன்றே அப்பா விலாசத்தைப் பார்த்துவிட்டார். பிரித்து, ராடை எடுத்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். "நல்ல சாமான்தான்" என்றார். பிறகு மேல் தட்டில் வைத்துவிட்டார். "அவன் அனுப்புனது என் எஞ்சினுக்குள்ள போகாது. என் ராடுக்கு என்ன கேடு? மணி மாதிரி இருக்கு. நீயே கேட்டியே."

நான் கேட்டேன் என்கிறார், அண்ணா. அதற்கப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கொட்டகையில் மீனைக் கம்பியில் கோக்கும்போது இரண்டு தடவை விரலைக் குத்திக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் மாமா புது நட்டோடு வேனில் வந்தார். வேன் எஞ்சினில் ஒரு இடி சத்தம். "ஹாரி, இதைக் கொஞ்சம் பாரேன். உள்ள யாரோ கதவைத் தட்டுறான்" என்றார். அப்பா நீளத் திருப்புளி ஒன்றை எடுத்து, முனையை எஞ்சின்மேல் ஊன்றினார். முன்பெல்லாம் கைப்பிடியைக் காதில் வைப்பார், நீயும் பார்த்திருப்பாய். நேற்று அதைப் பல்லால் கடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, இங்கே ஊன்றி, அங்கே ஊன்றி, கடைசியில் வாயிலிருந்து எடுத்து, "மூணாவது சிலிண்டர். பேரிங் போச்சு" என்றார்.

"என்னய்யா, எஞ்சினைத் தின்னுப் பாக்குறே?" என்றார் மாமா.

"பல்லுல நல்லாத் தெரியுது" என்றார் அப்பா.

இருவரும் ஷெட்டுக்குள் வந்தார்கள். அப்பா நட்டை மரையில் ஓட்டிப் பார்த்தார். சரியாக ஏறியது. ஃப்ளைவீல்களைப் பெஞ்சின் நடுவுக்கு இழுத்தார். துணியைப் பிரித்து நம் ராடை எடுத்தார். "புள்ள, அந்தப் பெரிய ஸ்பானரைக் குடு" என்றார்.

நான் கொடுக்கவில்லை. முக்காலியில் ஏறி, மேல் தட்டில் இருந்த உன் ராடை எடுத்தேன். அதை வலைநூலில் கட்டினேன். உத்திரத்தில் மாட்டாமல், நூலின் மறுமுனையை அப்பாவின் வாய்க்கு நேராக நீட்டினேன்.

"கடிங்கப்பா" என்றேன்.

"என்ன?"

"கடிங்க." சத்தம் வரவில்லை என்று நினைக்கிறேன். பல்லைக் கடித்துக் காட்டினேன்.

"கடி ஹாரி. பொண்ணு தூண்டில் போடுறா" என்றார் மாமா. சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை.

அப்பா என்னைக் கோபமாகத்தான் பார்த்தார். ஆனால் கடித்துக்கொண்டார். ராடு அவர் மார்புக்கு நேராகத் தொங்கியது. சின்ன ஸ்பானரால் தட்டினேன். அவர் தலை லேசாகப் பின்னால் போயிற்று, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி. நூலை விடவில்லை. ஒலி அடங்குகிறவரை மூச்சுக்கூட விடாமல் நின்றார். பிறகு பல்லுக்கு நடுவில், "இன்னொரு தரம்" என்றார். தட்டினேன். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மாதிரி சத்தம் கேட்டு எத்தனை வருஷமோ.

மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நான் உன் ராடை அவிழ்த்துப் பெஞ்சில் வைத்தேன். அப்பாவின் கையிலிருந்து நம் ராடை வாங்கினேன். அவர் உடனே விடவில்லை, நான் இழுத்தேன். அதில் இருந்த எண்ணெயைத் துடைத்து, அதே நூலில் கட்டினேன். முதல் முடிச்சு நழுவியது, மறுபடி போட்டேன். நூலின் முனையை அவரே வாங்கிக் கடித்துக்கொண்டார்.

நான் ஸ்பானரை எடுத்துத் தட்டினேன். அவர் நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பெஞ்சில் இருந்த உன் ராடைக் கையில் எடுத்தார்.

ஆலிஷ்